எங்கே வைத்துப் படித்தீர்கள்?

எங்கள் ஊர் நூலகத்து வாசகர் வட்டம் ஆண்டு மலர் கொண்டுவருகிறது. உறுப்பினர்கள் ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்த எழுத்தாளரையும் புத்தகத்தையும் பற்றி எழுதித் தர வேண்டும் என்று போன மாதமே சொல்லிவிட்டார்கள். எல்லோரும் கொடுத்தாயிற்று. நான்தான் பாக்கி. மலரைத் தொகுக்கிற அம்மையார் பள்ளியில் கணக்கு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். யாரையும் லேசில் விடமாட்டார். "இத்தனை வருஷம் படிச்சவரு நீங்க. இது ஒரு வேலையா சார் உங்களுக்கு?" என்றார் நேற்று.

வேலை பெரிதில்லை. ஒரு பெயரை எழுதி, அது என்னை எப்படிக் கவர்ந்தது என்று நாலு பத்தி நிரப்பிவிடலாம். ஆனால் நான் இளைஞனாக இருந்தபோது போய்வந்த வாசகர் கூட்டத்தில் இன்னொரு கேள்வியும் உண்டு. பிடித்த எழுத்தாளர் யார், பிடித்த புத்தகம் எது என்பதோடு, அதை எங்கே வைத்துப் படித்தீர்கள் என்றும் சொல்ல வேண்டும். அந்த மூன்றாவது கேள்வியை ஒருவர் என்னிடம் கேட்டார். நான் அவருக்கு உண்மையான பதிலைச் சொல்லவில்லை. அவர் இப்போது இல்லை. அதைச் சொல்லாமல் முதல் இரண்டுக்குப் பதில் எழுதக் கை வரவில்லை.

அந்தக் கூட்டம் கூத்தாநல்லூரில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் நடந்தது. கடைக்காரர் ஒரு பாய். வாலிபத்தில் பினாங்கில் கடை வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். அங்கே பேச்சுத்துணை இல்லாமல் படிக்க ஆரம்பித்தவர், ஊர் திரும்பும்போது ஒரு டிரங்குப் பெட்டி நிறைய நாவல்களோடு வந்தார். சென்ட்டும் டார்ச் லைட்டும் எதிர்பார்த்த வீட்டுக்காரர்கள் பெட்டியைத் திறந்து பார்த்து ஒரு வாரம் அவரோடு பேசவில்லையாம். வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பிறகு கடை திறக்கமாட்டார். சாயங்காலம் மாடியில் ஜமுக்காளம் விரித்துவிட்டு, வருகிறவர்களுக்கு டீ சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பார். பள்ளிக்கூடத்துத் தமிழாசிரியர் வருவார். அவரைப் புலவர் என்போம். கூட்டுறவு சங்கத்து எழுத்தர் ஒருவர் வருவார். இன்னும் சிலர் வந்து போவார்கள். கும்பகோணத்தில் பி.ஏ. முடித்துவிட்டு, வேலைக்குப் போகாமல், அப்பாவின் நிலபுலன்களைப் பார்த்துக்கொள்வதாகப் பெயர் பண்ணிக்கொண்டிருந்த நானும் சைக்கிளில் போய்ச் சேர்வேன்.

மூன்றாவது கேள்வி பாய் ஏற்படுத்தியது. "கதைய யாரு வேணாலும் சொல்லிடலாம். எங்க உக்காந்து படிச்சீங்கன்னு சொல்லுங்க, அப்பதான் நீங்க படிச்சது நிச்சயம்" என்பார். அவர் படித்தது பினாங்குக் கடையில் துணிக்கட்டுகளுக்குப் பின்னால். புலவர் படித்தது பரீட்சை ஹாலில், பையன்கள் காப்பி அடிப்பதைக் கண்டும் காணாமல். சொல்லச் சொல்ல ஒவ்வொருவருக்கும் கொஞ்சம் கூடிக்கொண்டே போகும். புலவர் பரீட்சை ஹாலில் படித்த நாவல் வாரத்துக்கு வாரம் பருத்துக்கொண்டே வந்தது. யாரும் தடுக்கமாட்டோம். அந்த மிகைதான் ருசி.

இன்னொரு வழக்கமும் இருந்தது. மாடிப்படி ஏறிவிட்டால் பாயையும் புலவரையும் தவிர எல்லோருக்கும் ஒரே பெயர்தான்: வாசகர். "வாங்க வாசகரே, உக்காருங்க வாசகரே." யார் எந்தத் தெரு, யாருக்கு எவ்வளவு நிலம் என்பதெல்லாம் கீழே செருப்போடு கிடக்கும் என்று பாய் சொல்வார்.

அந்த மாடிக்கு எங்கள் குத்தகைதாரர் ஒருவரை அழைத்துப் போனவன் நான்.

எங்கள் ஊர் குடவாசலுக்குத் தெற்கே. அப்பாவுக்கு அங்கே நிறைய நிலம் இருந்தது. வாய்க்காலை ஒட்டிய ஒரு துண்டை அந்தக் குத்தகைதாரருடைய தகப்பனார் காலத்திலிருந்து அவர்கள் குடும்பந்தான் சாகுபடி செய்துவந்தது. எழுத்து எதுவும் கிடையாது, வாய்ப்பேச்சுதான். அறுவடை ஆனதும் களத்திலேயே எங்கள் பங்கை அளந்து கொடுத்துவிட்டு மீதியை வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். அவர் என்னைவிடச் சற்று மூத்தவர். பள்ளி இறுதி வரை படித்திருந்தார். இப்போது 'அவர்' என்று எழுதுகிறேன். அப்போது ஊரில் நான் அவரை 'நீ' என்றுதான் பேசுவேன். அவர் என்னைச் 'சின்ன ஐயா' என்பார்.

ஒரு குறுவைப் பருவத்தில் அவர் அந்த நிலத்தில் சேற்றுழவு ஓட்டிக்கொண்டிருந்தார். நான் வரப்போடு போனேன். முழங்காலுக்கு மேல் சேறு. மாடுகளை நிறுத்தி மூச்சு வாங்கவிட்டு, மடியில் செருகியிருந்த காகிதத்தை எடுத்துப் பிரித்தார். வாரப்பத்திரிகையிலிருந்து கிழித்த தொடர்கதைப் பக்கம்.

"என்ன படிக்கிறே?"

"ஒண்ணும் இல்லீங்க சின்ன ஐயா. அவ ரயில் ஏறிட்டா. எந்த ஊருக்குப் போறான்னு சொல்லாம தொடரும்னு போட்டுட்டான் பாவி. மனுஷன் எப்படி ஏரு ஓட்டுறது?"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அந்த வெள்ளிக்கிழமையே கூத்தாநல்லூர் வரச் சொன்னேன். அன்போடு அதில் கொஞ்சம் பெருமையும் கலந்திருந்தது. ஏர் பிடிக்கிற வாசகர் ஒருவரைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தவன் என்று மாடியில் பெயர் வாங்க ஆசைப்பட்டேன்.

அவர் வயலிலிருந்து நேராக வந்துவிட்டார். வாய்க்காலில் கால் கழுவியிருந்தாலும் கெண்டைக்காலில் சேறு காய்ந்திருந்தது. ஜமுக்காளத்தின் ஓரத்தில் உட்கார்ந்து எழுந்தபோது நீலக் கோட்டின் மேல் ஒரு கறை தெரிந்தது. எழுத்தர் அதைப் பார்த்தார்.

"நம்ம புது வாசகர எங்க வச்சுப் படிச்சீங்கன்னு கேக்கவே வேணாம். ஜமுக்காளமே சொல்லுது."

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். "துணிக்கடைக்காரனுக்குத் துவைக்கத் தெரியாதா? உக்காருங்க வாசகரே" என்று பாய் சமாளித்தார். புது வாசகரும் சேர்ந்து சிரித்தார். ஆனால் அடுத்த வெள்ளிக்கிழமை வெளுத்த வேட்டி, கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, முகத்தில் பவுடர். அதற்குப் பிறகு ஒரு வாரமும் அந்த மாடிக்கு அவர் வயல்காட்டு ஆளாக வரவில்லை.

எங்கே வைத்துப் படித்தீர்கள் என்று கேட்டால் ஒரு கால் மேல் இன்னொரு காலைப் போட்டுக்கொண்டு பதில் சொல்வார்.

"வாய்க்காக் கரையில ஒரு பூவரச மரம் இருக்கு வாசகரே. அது நெழல்லதான். நடவு அது பாட்டுக்கு நடக்கும். ஆளுங்க பாத்துக்குவாங்க. நமக்கென்ன, கூலியக் குடுத்துட்டா வேலை முடிஞ்சுது. சாஞ்சமுன்னா ஒரே மூச்சுல ஒரு நாவல்."

"உழவு?" என்று புலவர் கேட்பார்.

"உழவுக்கும் ஆளு இருக்கே."

அவருக்கு ஆளும் இல்லை, கூலி கொடுக்க வழியும் இல்லை. நாற்றங்காலில் நாற்றுப் பறித்து முடிகட்டித் தலையில் தூக்கிவருவது அவர். அவர் மனைவி இன்னும் இரண்டு பெண்களோடு முறை வைத்து நடுவார். அவர்கள் வயலில் இவர் நட்டுக் கொடுப்பார், இவர் வயலுக்கு அவர்கள் வருவார்கள். எனக்கு இது நன்றாகத் தெரியும். மாடியில் நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஒரு மனிதன் தன் காலில் இருந்த சேற்றைப் பேச்சால் கழுவிக்கொள்கிறான், இருக்கட்டும் என்று நினைத்தேன். அந்த மட்டில் அது நல்ல எண்ணம்தான்.

அவர் கதை விடுவதில் மன்னன் என்பது எல்லோருக்கும் தெரிந்துபோன ஒரு சாயங்காலமும் உண்டு. அந்த ரயில் ஏறிய பெண்ணின் கதை அவருக்கு உயிர். ஒரு நாடகக் கம்பெனி நடிகையின் கதை. கிழித்த பக்கங்களையெல்லாம் சேர்த்துக் குடவாசலில் பைண்டிங் பண்ணி வைத்திருந்தார். ஒருநாள் அதைக் கொண்டுவந்து கதை முழுவதும் சொன்னார். கடைசியில் அவள் திரும்பி வருகிறாள், பழைய கம்பெனி கலைந்துபோய்விட்டது, காலியாகக் கிடந்த கொட்டகையில் தனியாக நின்று ஒரு பாட்டுப் பாடுகிறாள், வெளியே மாட்டுவண்டிக்காரன் ஒருவன் வண்டியை நிறுத்திக் கேட்கிறான். சொல்லி முடித்தபோது யாரும் டீயைத் தொடவில்லை.

புலவர் தொண்டையைக் கனைத்தார். "வாசகரே, நான் இதைப் புத்தகமாவே படிச்சிருக்கேன். அவ மதுரை ஆஸ்பத்திரியில செத்துல்ல போறா? பாட்டும் இல்லை, வண்டிக்காரனும் இல்லை."

அவர் கொஞ்சங்கூட அசரவில்லை. கடைசி வாரம் வெள்ளத்தில் பஸ் நின்றுபோய்ப் பத்திரிகை வரவில்லை, அதனால் முடிவை அவரே போட்டுக்கொண்டாராம்.

"என் முடிவு நல்லாயில்லையா? நெஞ்சத் தொட்டுச் சொல்லுங்க புலவரே."

"எழுதினவன் கேட்டா உங்க கால்ல விழுவான்" என்றார் பாய். மாடி முழுவதும் சிரிப்பு. அன்று கிளம்பும்போது கதை சொன்னவர் பைண்டிங்கை என் கையில் கொடுத்தார். "படிச்சிட்டுக் குடுங்க வாசகரே." வாங்கி வந்து அலமாரியில் வைத்தேன். பி.ஏ. படித்தவனுக்குப் பத்திரிகைத் தொடர்கதை கொஞ்சம் கீழே என்ற எண்ணம். படிக்கவில்லை.

வீட்டில் மத்தியானச் சாப்பாட்டின்போது இதையெல்லாம் வேடிக்கையாகச் சொல்வேன். உழவுக்கு ஆள் இருக்கு, நான் நிழலில் சாய்ந்து நாவல் படிக்கிறேன் என்று அவர் அளப்பதை அவர் குரலிலேயே நடித்துக் காட்டினேன். அம்மா புரையேறிச் சிரித்தாள். அப்பாவும் சிரித்தார். பிறகு மோர் ஊற்றிக்கொண்டே கேட்டார்:

"இத யாரு யாரெல்லாம் கேட்டாங்க?"

"எல்லாருந்தாம்ப்பா."

அவர் தலையாட்டிவிட்டு மோரைச் சோற்றில் பிசைந்தார்.

ஆட்சி மாறியிருந்த காலம். அப்பாவும் தோள்துண்டின் கரையை மாற்றியிருந்தார். பழைய கட்சிக்காரராக இருந்தவர் புதிய கரை போட்ட துண்டோடு கல்யாண வீடுகளில் முன்வரிசையில் உட்கார்ந்தார். ஆனால் கரையை மாற்றியதால் கழனிக் கவலை தீரவில்லை. சுற்றுவட்டாரத்தில் கூலித் தகராறு. விவசாயத் தொழிலாளர் சங்கத்தார் ஒருபுறம் வரப்பில் கொடி நடுவார்கள், மிராசுதார்கள் ஒருபுறம் வெளியூர் ஆட்களை வண்டியில் கொண்டுவந்து இறக்குவார்கள். அறுவடை நாட்களில் போலீஸ் வேன் நிற்காத ஊர் குறைவு. அப்போதுதான் குத்தகைதாரர்களின் பெயரைப் பதிவு செய்யும் சட்டம் வந்தது. எழுத்தில்லாத குத்தகையானாலும், இந்த நிலத்தைச் சாகுபடி செய்கிறவர் இவர் என்று அதிகாரியிடம் மனுப் போட்டு நிரூபித்தால் பெயர் ஏறிவிடும். ஏறிவிட்டால் நினைத்தபோது வெளியேற்ற முடியாது. ஒரு நிபந்தனை இருந்தது. தன் உடம்பாலோ தன் வீட்டார் உடம்பாலோ உழைப்பவராக இருக்க வேண்டும். ஆள் வைத்து வேலை வாங்கி மேற்பார்வை பார்க்கிறவர் குத்தகைதாரர் ஆகமாட்டார்.

எங்கள் ஊரில் முதலில் மனுப் போட்டவர் அவர்தான். சட்டத்தைப் பத்திரிகையில் வரி விடாமல் படித்திருந்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை கூட்டம் கலைந்து நாங்கள் இருவரும் சைக்கிளில் திரும்பிக்கொண்டிருந்தோம். வாய்க்கால் மதகுக்குப் பக்கத்தில் இறங்கினார்.

"சின்ன ஐயா, ஒண்ணு கேக்கணும்." மாடியிலிருந்து இறங்கி வெகுதூரம் வந்துவிட்டோம், அதனால் சின்ன ஐயா.

"மனுப் போட்டிருக்கியாமே."

"ஐயாவுக்குக் கோவமாத்தான் இருக்கும். நெலம் ஐயாவோடதுதாங்க. அளக்குறதுல ஒரு மரக்கா கொறைக்கமாட்டேன். பேரு ஏறினா போதும். நாளைக்கு ஐயா யாருக்காச்சும் வித்துட்டாலும் எங்களத் தூக்கி ரோட்டுல எறிய முடியாதுல்ல?" கொஞ்ச நேரம் சைக்கிள் மணியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "ஊர்ல எவனும் சாட்சி சொல்ல வரமாட்டான். எல்லாரும் ஐயாகிட்ட கைகட்டி நிக்கிறவங்க. பாயும் புலவரும் வர்றேன்னுருக்காங்க, நல்ல மனுஷன்னு சொல்லுவாங்க. ஆனா நான் ஏரு புடிச்சத அவுங்க பாத்ததில்ல. நீங்க பாத்திருக்கீங்க."

"பாக்கலாம்" என்றேன்.

அவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார். மணியை அடித்துக்கொண்டு போனார். அவரைத் திருத்த எனக்கு வேண்டிய நேரம் இருந்தது. நான் மதகின் மேல் நின்றுகொண்டிருந்தேன்.

விசாரணைக்கு முந்தின நாள் காலை அப்பா என்னைக் கூப்பிட்டார்.

"நாளைக்குக் குடவாசல் வா. அவன் மாடியில சொன்னத அப்படியே சொல்லு."

"அது சும்மா பெருமைக்குச் சொன்னதுப்பா."

"உன்னப் பொய் சொல்லச் சொல்லலடா. அவன் வாயால சொன்னதத் திருப்பிச் சொல்லு, போதும். சும்மா சொன்னானா, நெசமாச் சொன்னானான்னு அதிகாரி பாத்துப்பாரு."

"நான் எப்படிப்பா..."

"போறது என் நெலம் இல்ல, உன் நெலம். நான் எத்தனை நாளைக்கு?"

அப்பா கொடுமைக்காரர் இல்லை. நான் மாட்டேன் என்றிருந்தால் இரண்டு வேளை பேசாமல் இருந்திருப்பார், அவ்வளவுதான். அவருக்குப் பயந்து போனேன் என்று பல வருடங்கள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மையில்லை. எனக்கு வேலைக்குப் போக விருப்பமில்லை. வீட்டில் உட்கார்ந்து படிக்க ஆசை. அந்தப் படிப்புக்குச் சோறு போட்டது நிலம். ஒரு துண்டில் பெயர் ஏறினால் மற்றத் துண்டுகளிலும் ஏறும் என்று எனக்கும் கணக்குப் போடத் தெரிந்தது.

குடவாசலில் ஒரு சத்திரத்தில் விசாரணை முகாம். அவர் முன்னதாகவே வந்திருந்தார். அதே வெள்ளை வேட்டி, கஞ்சி போட்ட சட்டை, பவுடர். எங்கள் மாடிக்கு வருவதுபோலவே வந்திருந்தார். பெரிய மனிதர்கள் முன்னால் நிற்கிறோம், மதிப்பாக இருக்க வேண்டும் என்று நினைத்திருப்பார். காத்திருக்கும் நேரத்துக்கு ஒரு நாவலும் கையில் இருந்தது. வேப்பமரத்தடியில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தவர், என்னைப் பார்த்ததும் பக்கத்துக்குள் விரலை வைத்து மூடிக்கொண்டு சிரித்தார். நான் அப்பாவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

அதிகாரி வயதில் சிறியவர், மரியாதையாகப் பேசினார். ஊர்க் கணக்கு எழுதும் கர்ணம் கொண்டுவந்த அடங்கல் பதிவேட்டில் சாகுபடி செய்பவர் என்ற இடத்தில் வருடா வருடம் அப்பாவின் பெயரே எழுதப்பட்டிருந்தது. அப்போதெல்லாம் அப்படித்தான் எழுதுவார்கள். பிறகு என்னை அழைத்தார்கள். இவர் ஆள் வைத்துத்தான் உழவும் நடவும் செய்வதாகவும், தான் மரநிழலில் உட்கார்ந்து படிப்பதாகவும் பலர் முன்னிலையில் பலமுறை சொல்லக் கேட்டிருக்கிறேன் என்றேன். நல்ல தமிழில், தடங்கல் இல்லாமல் சொன்னேன்.

"இவர் வயல்ல வேலை செய்யறத நீங்க நேர்ல பாத்திருக்கீங்களா?" என்று அதிகாரி கேட்டார்.

சரியான கேள்வி. எல்லாவற்றையும் அந்த இடத்தில் நேராக்கியிருக்கலாம்.

"நான் வயல் பக்கம் அதிகம் போறதில்லீங்க."

அதுவும் உண்மைதான். அதிகம் போனதில்லை. போன அன்று அவர் முழங்கால் சேற்றில் நின்றிருந்தார்.

அதிகாரி அவர் பக்கம் திரும்பினார். "இப்படிச் சொன்னீங்களா?"

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "சொன்னேங்க. அது... பெருமைக்குச் சொன்னதுங்க. எல்லாரும் படிச்சவங்க, வெள்ளைச் சட்டக்காரவங்க. நான் மட்டும் சேத்துல கெடக்குறேன்னு எப்படிங்க சொல்றது?"

"அப்ப சொன்னது பொய்யா, இப்ப சொல்றது பொய்யா?"

கூடியிருந்தவர்களில் சிலர் சிரித்தார்கள். பாயால் பொறுக்க முடியவில்லை. எழுந்து நின்றார். "ஐயா, சொன்னாருதான். நானும் கேட்டேன். ஆனா இவரு கதை விடுற மனுஷனுங்க. புஸ்தகத்துல இல்லாத முடிவையே சொந்தமாக் கட்டிச் சொல்லுவாரு. அதப்போய்..."

"கதை விடுவாருன்னு நீங்களே சொல்றீங்க" என்றார் அதிகாரி. எழுதிக்கொண்டார்.

பாய் அப்படியே நின்றார். தன் வாயிலிருந்து என்ன போனது என்று அவருக்கு அப்போதுதான் விளங்கியது. புலவரை அழைத்தார்கள். ஒழுக்கமானவர் என்றார். வயலில் பார்த்திருக்கிறீர்களா என்றதற்கு இல்லை என்றார். அந்த மாடியிலிருந்து அவருக்காகப் பேசக்கூடிய எல்லோரும் உண்மையைச் சொன்னோம். மனு தள்ளுபடி ஆயிற்று.

தாளடி அறுவடையோடு அவர்கள் நிலத்தை விட்டார்கள். அவர் மனைவி ஒருநாள் எங்கள் வீட்டுக் கொல்லைப்பக்கம் வந்து, எங்களுக்குச் சேர வேண்டிய சாக்குகளைத் திருப்பிக் கொடுத்தார். உள்ளே இருந்த எனக்கு அவர் அம்மாவிடம் பேசியது கேட்டது.

"படிக்காத படிக்காதன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன் ஆச்சி. கேட்டாத்தானே? அந்தப் படிப்புதான் எங்க குடியக் கெடுத்துச்சு."

வெளியே போய், படிப்பு கெடுக்கவில்லை அம்மா, நான்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் கதவுக்குப் பின்னால் இருந்தேன்.

பாய் அவரைத் தன் கடையிலேயே வேலைக்கு எடுத்துக்கொண்டார். நான் அதற்குப் பிறகு மாடிப்படி ஏறவில்லை. கூட்டம் இன்னும் சில காலம் நடந்ததாம். ஆனால் மூன்றாவது கேள்வியை யாரும் யாரையும் கேட்பதில்லை, பாய் அதை நிறுத்திவிட்டார் என்று புலவரை ஒருமுறை பஸ்ஸில் பார்த்தபோது சொன்னார். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அடுத்த குறுவைக்கு அப்பா அந்தத் துண்டைச் சொந்தச் சாகுபடியில் எடுத்தார். வெளியூர் ஆட்களை இறக்கி நடவு. சங்கத்தார் ரோட்டில் கூடி நின்றார்கள். வீட்டு மனிதர் ஒருவர் வயலில் இருக்க வேண்டும் என்று அப்பா என்னை அனுப்பினார். நாள் முழுக்கச் சும்மா உட்கார வேண்டுமே என்று அலமாரியில் கைக்கு வந்ததை எடுத்துக்கொண்டு போனேன். அந்தப் பைண்டிங்.

ஒரே மூச்சில் படித்தேன். பத்திரிகைத் தொடர்கதை என்று நான் ஒதுக்கிவைத்தது அப்படி ஒரு எழுத்து. பக்கங்களின் பின்புறத்தில் தைல விளம்பரமும் பாதி அறுந்த துணுக்குகளுமாக இருந்தன. சில ஓரங்களில் சேற்று விரல் பதிந்திருந்தது. அவள் ரயில் ஏறுகிற பக்கத்தில் அந்த விரல் அழுத்தமாக இருந்தது. கடைசி அத்தியாயம் இல்லை. அவர் சொன்ன முடிவு நினைவுக்கு வந்தது. காலிக் கொட்டகை, பாட்டு, வெளியே வண்டிக்காரன். பிறகு அச்சிட்ட புத்தகத்தையும் வாங்கிப் படித்தேன். அவருடைய முடிவுதான் நன்றாக இருக்கிறது.

என் கல்யாணத்துக்குத் துணி எடுக்க அம்மா கூத்தாநல்லூர்தான் போக வேண்டும் என்றாள். எப்போதும் பாய் கடையில்தான் எடுப்பது. போனோம். அவர் மேசைக்குப் பின்னால் நின்றிருந்தார். வெள்ளைச் சட்டை, இப்போது தினமும்.

"வாங்கம்மா" என்றார் அம்மாவைப் பார்த்து. என்னைச் சின்ன ஐயா என்றும் சொல்லவில்லை, வாசகரே என்றும் சொல்லவில்லை. "சட்டைத்துணியா?" என்றார். கட்டுகளை எடுத்து விரித்துப் போட்டார். அம்மா புடவைப் பக்கம் நகர்ந்ததும் எனக்கு ஏதாவது பேச வேண்டியிருந்தது.

"அந்தப் பைண்டிங் எங்கிட்டதான் இருக்கு. கொண்டாந்து தர்றேன்."

"படிச்சீங்களா?"

"படிச்சேன்."

துணியை அளந்துகொண்டே, தலையைத் தூக்காமல் கேட்டார்: "எங்க வச்சுப் படிச்சீங்க?"

குத்திக் கேட்டாரா, பழைய பழக்கத்தில் வாயில் வந்துவிட்டதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கல்லாவில் இருந்த பாய் தலையை நிமிர்த்தினார்.

"வீட்லதான்" என்றேன்.

அவர் தலையாட்டினார். துணியில் கத்தரி போட்டு, மீதியைக் கையால் கிழித்தார்.

"அதுல முடிவு இருக்காது" என்றார்.

"ஆமா. நீங்க சொன்ன முடிவுதான்..."

"அதெல்லாம் சும்மா. புலவர்கிட்ட கேட்டுக்குங்க, சரியாச் சொல்லுவாரு." துணியை மடித்துக் காகிதத்தில் சுற்றி என் முன்னால் வைத்துவிட்டு அடுத்த ஆளிடம் போனார்.

பைண்டிங்கை நான் திருப்பிக் கொடுக்கவில்லை. கொடுக்கப் போனால் அந்தக் கேள்வி மறுபடி வரும் என்று தள்ளிப்போட்டேன். அவர் அந்தக் கடையிலேயே வயதாகி, பிள்ளைகள் தலையெடுத்த பிறகு காலமானார். தகவல் எனக்குத் தாமதமாகத்தான் வந்தது. அந்தத் துண்டை அப்பாவுக்குப் பிறகு நான் விற்றேன். என் மகனின் வெளிநாட்டுப் படிப்புக்கு அந்தப் பணம் போயிற்று.

அம்மையார் கேட்டதற்கு இப்போது எழுதுகிறேன். அந்த எழுத்தாளரை இன்று யாரும் பேசுவதில்லை. பெயரைப் போட்டால் உங்களில் ஒருவர் போய்த் தேடி, அச்சிட்ட முடிவைப் படித்துவிடுவீர்கள். அதனால் போடவில்லை. பிடித்த புத்தகம், கடைசி அத்தியாயம் இல்லாத அந்தப் பைண்டிங். நம் வாசகர் வட்டத்து அலமாரிக்கு அதைக் கொடுத்துவிடுகிறேன். அவருடைய பிள்ளைகள் யாராவது கேட்டு வந்தால் அவர்களுக்கு.

எங்கே வைத்துப் படித்தேன் என்றால், வாய்க்காலை ஒட்டிய அந்தத் துண்டில், பூவரச மரத்து நிழலில், சாய்ந்துகொண்டு. உழவுக்கு ஆள் இருந்தது. நடவை ஆட்கள் பார்த்துக்கொண்டார்கள்.